எட்டு மைக்கும் ஒரு நூல்கயிறும்: டிரம்ஸுக்கு மைக் வைத்த சிலரின் அனுபவங்கள், அவரவர் வாய்மொழியில்

முழு டிரம்ஸ் செட்டுக்கு மைக் வைக்கும் பொறுப்பு முதன்முதலாக என்னிடம் வந்தபோது, கைவசம் எட்டு மைக்குகள் இருந்தன என்ற ஒரே காரணத்துக்காக எட்டையும் வைத்தேன். காலால் மிதித்து அடிக்கும் பெரிய கிக் டிரம்முக்கு ஒன்று, டிரம்மரின் முன்னால் இருக்கும் ஸ்நேர் டிரம்முக்கு மேலும் கீழுமாக இரண்டு, டாம்கள் எனப்படும் மற்ற டிரம்களுக்கு மூன்று, உலோகத் தட்டுகளான சிம்பல்களின் தலைக்கு மேலே ஓவர்ஹெட்டாக இரண்டு. தனித்தனியே கேட்டபோது எதிலும் குறை தெரியவில்லை. குறிப்பாக ஸ்நேரின் விளிம்பை ஒட்டி வைத்திருந்த எஸ்எம்57 மைக், அறைந்தாற்போன்ற ஒலியைக் கொடுத்தது. ஆனால் ஒலியளவைக் கூட்டும் ஃபேடர்கள் எல்லாவற்றையும் ஏற்றியதும் அந்த ஸ்நேர் வெறும் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஆகிவிட்டது. தாழ்ந்த, உயர்ந்த தொனிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 200 ஹெர்ட்ஸைச் சுற்றிக் கூட்டினேன், பலனில்லை. இன்னும் கூட்டினேன், கிக் டிரம் குழம்பியதுதான் மிச்சம்.

ஒரு மணி நேரம் இப்படியே கழிந்த பிறகு அங்கு வந்த மூத்த ஒலிப்பதிவாளர் ஒருவர், ஈக்யூ முழுவதையும் எடுத்துவிட்டு, ஸ்நேரின் மேல் மைக்கையும் ஓர் ஓவர்ஹெட்டையும் மட்டும் சம அளவில் ஏற்றச் சொன்னார். ஓவர்ஹெட்டின் ஒலியலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை அவர் அழுத்தியபோது, காணாமற்போன அடித்தொனி சட்டென்று திரும்பி வந்தது. அவர் வேறு எதையும் தொடவில்லை. "இந்த மைக்குக்குச் சத்தம் எவ்வளவு தூரம் நடந்து வருகிறது, அளந்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

அளந்து பார்த்தோம். ஸ்நேர் மைக் தோலிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் இருந்தது, ஓவர்ஹெட் ஏறத்தாழ 90 செ.மீ. தள்ளி இருந்தது. (இப்போது டிரம்மில் இருப்பது பிளாஸ்டிக்தான், வாய்ப்பழக்கத்தில் தோல் என்றே வருகிறது.) 20 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் பயணிக்கிறது, அதன்படி இந்த 86 செ.மீ. வித்தியாசத்தைக் கடக்க அதற்கு இரண்டரை மில்லி விநாடி ஆகிறது. 200 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு முழுச் சுழற்சி 5 மில்லி விநாடி என்பதால், ஒரு மைக்கில் அலை மேலேறும் நேரத்தில் மற்றொன்றில் அது கீழிறங்கி, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. நான் ஈக்யூவில் கூட்டிக்கொண்டிருந்தது, அங்கே இல்லாத ஒன்றை.

கீழ் மைக்கிலும் அதே பிழைதான். குச்சி விழும்போது மேல்தோல் மேல் மைக்கைவிட்டு விலகுகிறது. கீழ்த்தோலோ கீழ் மைக்கை நோக்கி வருகிறது. ஆகவே அந்த இரண்டில் ஒன்றின் போலாரிட்டியை மாற்றிக் கேட்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பிறகு அவர் பையிலிருந்து ஒரு நூல்கயிறு வெளிவந்தது. அதன் ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் என்னை விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்த ஓவர்ஹெட்வரை இழுத்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். அதே முடிச்சு தொடும் இடத்தில், தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமுக்கு அப்பால், அதன் விளிம்பைவிடச் சற்று உயரமாக, ஸ்நேரைப் பார்த்தவாறு இரண்டாவது மைக்கை நிறுத்தினார். கிளின் ஜான்ஸ் என்ற ஆங்கிலேய ஒலிப்பதிவாளரின் பெயரால் வழங்கும் முறை இது என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். கிக்குக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று என மேலும் இரண்டைச் சேர்த்து நான்கு மைக்குகளோடு அன்றைய பதிவு முடிந்தது. மற்ற நான்கும் பெட்டிக்குப் போயின. எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

* * *

மேலே சொன்னது ஸ்நேரின் கதை. என்னைப் படுத்தியது கிக் டிரம். முன்தோலில் துளையுள்ள கிக்குக்குள், பெடலின் சுத்தியான பீட்டர் அடிக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில், கிக்குக்கென்றே உள்ள டி112 மைக்கை வைத்தேன். மேசையில் விரல்நகத்தால் தட்டுவது போன்ற ஒலிதான் கிடைத்தது; அடிவயிற்றில் இறங்க வேண்டிய கனம் அறவே இல்லை. சரியென்று துளையின் வாய்க்கு நேரே வெளியே இழுத்து வைத்தால் கனம் வந்தது; கூடவே ஒவ்வோர் அடிக்கும் துளை வழியாக வெளியேறும் காற்று மைக்கில் மோதி, 'புஸ்' என்று இரைந்தது.

எனக்கு வழிகாட்டியது காதுதான். டிரம்மரை ஒரே சீராக மிதிக்கச் சொல்லிவிட்டு, காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தரையில் அமர்ந்து, மைக்கை விரற்கடை விரற்கடையாக நகர்த்தினேன். துளையிலிருந்து ஐந்தாறு செ.மீ. உள்ளே, காற்று வரும் பாதையிலிருந்து சற்று ஒதுங்கி, பீட்டரின் தடத்துக்குச் சாய்வாக நின்ற ஓரிடத்தில் தட்டலும் கனமும் ஒருசேரக் கிடைத்தன. அந்த இடத்துக்கும் அது கெட்டுப்போன இடத்துக்கும் இடைவெளி இரண்டு விரற்கடைகூட இருக்காது. எல்லா கிக்குக்கும் அதே இடம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். உள்ளே கிடக்கும் தலையணையை இடம் மாற்றினால்கூட மறுபடி தேட வேண்டியிருக்கிறது.

* * *

என் அனுபவம் மேடையில் நிகழ்ந்தது. அங்கே பகைவன் ஹை-ஹேட், அதாவது ஸ்நேருக்குப் பக்கத்தில் நிற்கும் இரட்டைச் சிம்பல். ஸ்நேர் மைக்கில் அது அளவுக்கு மீறிக் கலந்ததால், குறுகலாகக் கேட்கும் மைக் நல்லது என்று எண்ணி, முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் வழக்கமான கார்டியாய்டு மைக்கை எடுத்துவிட்டு, அதைவிடக் குறுகலாகக் கேட்கும் ஒரு சூப்பர்கார்டியாய்டை அதே இடத்தில், அதே கோணத்தில் மாட்டினேன். ஹை-ஹேட் குறையும் என்று எதிர்பார்த்தால் கூடிவிட்டது. மைக் பழுது என்று முடிவுகட்டி இன்னொன்றை மாற்றியும் அதே கதைதான்.

கார்டியாய்டுக்குக் காது கேட்காத திசை நேர் பின்புறம், அதாவது 180 டிகிரி. அதனால்தான் அதன் வால் ஹை-ஹேட்டைப் பார்க்கும்படி வைப்பது வழக்கம். சூப்பர்கார்டியாய்டோ நேர் பின்புறத்தில் ஓரளவு கேட்கும். அது கேட்காத திசை பக்கவாட்டில் பின்சாய்ந்து, ஏறத்தாழ 125 டிகிரியில் இருக்கிறது. நான் அதன் வாலை ஹை-ஹேட்டுக்குக் காட்டி, வேண்டாத ஒலிக்கு வாசலைத் திறந்துவைத்திருந்தேன். ஸ்டாண்டைச் சற்றே திருப்பி, ஹை-ஹேட் அந்தச் சாய்கோணத்தில் விழும்படி செய்த பிறகுதான் நிம்மதியாக மூச்சுவிட முடிந்தது. அதற்கு முன், மெல்லிய ஒலிகளை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் வைத்துச் சமாளிக்கப் பார்த்ததையும் ஒப்புக்கொள்கிறேன். அது ஹை-ஹேட்டோடு சேர்த்து டிரம்மர் மென்மையாக வாசித்த ஸ்நேர் அடிகளையும் விழுங்கிவிட்டது. அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை.

* * *

கயிறு பற்றி முதலில் எழுதியவரோடு எனக்கு ஒரு சிறு பிணக்கு உண்டு. ஸ்நேரிலிருந்து மட்டும் அளந்தால், கேட்கும்போது ஸ்நேர் இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு நடுவில் நிற்கும். கிக் ஒரு பக்கம் ஒதுங்கிவிடக்கூடும். நான் கயிற்றின் இரு முனைகளையும் ஸ்நேரின் நடுவிலும் கிக் பெடலின் பீட்டரிலும் ஒட்டிவிட்டு, நடுவே ஓரிடத்தில் பிடித்து இழுத்து முக்கோணமாக்கி, முதல் ஓவர்ஹெட்டை அந்த உச்சியில் வைப்பேன். பிடித்த இடம் மாறாமல் அந்த முக்கோணத்தை அப்படியே மறுபக்கம் சாய்த்தால், இரண்டாவது மைக்கின் இடம் தானாகக் கிடைத்துவிடும். இரண்டு டிரம்களும் நடுவில் நிற்கும். தாழ்ந்த கூரையுள்ள அறையில் இதுவும் கைகொடுப்பதில்லை. மைக் உயர உயரக் கூரையிலிருந்து திரும்பும் ஒலியும் சேர்ந்துகொள்கிறது. அங்கெல்லாம் மைக்கைத் தாழ்த்திவிடுவதே மேல்.

* * *

கயிறு பற்றி முதலில் எழுதியது நான்தான். மேலே சொன்ன முக்கோணத்தைச் சென்ற வாரமே செய்து பார்த்தேன். கிக் நடுவில் நின்றது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதனை முடிந்து எல்லாரும் தேநீருக்குப் போய் வந்த இடைவெளியில், டிரம்மர் தன் வசதிக்காக ஸ்நேரை ஒரு சாண் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார். முதல் பாட்டிலேயே ஸ்நேர் பழையபடி மெலிந்து ஒலித்தது. இப்போது கயிற்றோடு ஒரு சுருள் ஒட்டுநாடாவும் எடுத்துச் செல்கிறேன். ஸ்நேர் ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும், டிரம்மரின் முக்காலிக்கும் தரையில் அடையாளம் ஒட்டிய பிறகுதான் முதல் ஃபேடரைத் தொடுகிறேன்.