முன்னுடைப்பு: ஒரு சொல் பரிந்துரை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கழிவுநீரில் நுண்ணுயிர்கள் தொட மறுக்கும் கரிமப் பொருள்களை ஆக்சிஜனேற்றத்தால் ஓரளவு உடைத்து, பிறகு நுண்ணுயிர்களிடமே விட்டுவிடும் முறைக்கு நம் அகராதிக்காக இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: பதப்படுத்தல், முன்சிதைப்பு, பகுதி ஆக்சிஜனேற்றம். மூன்றுமே எனக்குச் சரியாகப் படவில்லை. நான் முன்வைப்பது 'முன்னுடைப்பு'.

பதப்படுத்தல் என்றால் நுண்ணுயிர் அண்டாமல் காப்பது. மீனையும் பழத்தையும் அதற்காகத்தான் பதப்படுத்துகிறோம். இங்கே வேண்டியது நேர் எதிர். முன்சிதைப்பு நல்ல சொல்தான். ஆனால் நுண்ணுயிர்கள் பொருளைச் சிதைப்பதற்கு 'உயிரிச் சிதைவு' என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. சிதைப்பும் சிதைவும் ஒரே வரியில் வந்தால் படிப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

பகுதி ஆக்சிஜனேற்றம்தான் என்னை யோசிக்க வைத்தது. பாதியில் நிறுத்துகிறோம் என்பதை அது சொல்லிவிடுகிறது. பீனாலை எடுத்துக்கொள்ளுங்கள்; ஆறு கார்பன் அணுக்கள் வளையமாக இணைந்த நச்சுப்பொருள் அது. அதன் ஒரு மூலக்கூறை முழுக்கக் கார்பன் டை ஆக்சைடும் நீருமாக மாற்ற, கணக்குப்படியே 14 ஹைட்ரஜன் பெராக்சைடு மூலக்கூறுகள் வேண்டும். அவ்வளவு ரசாயனத்தை எந்த ஆலை வாங்கி ஊற்றும்? மிச்ச வேலையைப் பாக்டீரியாவிடம் விட்டால் பெரும்பாலும் காற்றடிக்கும் செலவோடு முடியும்.

ஆனால் எங்கே நிறுத்துவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வேதியியலாளர் ஃபென்டன் 1894-ல் டார்டாரிக் அமிலத்தை வைத்து விவரித்த அதே இரும்பு உப்பு, பெராக்சைடு கலவையைப் பிஎச் 3 என்ற அமில நிலையில் பீனால் கரைசலில் சேர்த்தால், நிறமில்லாத நீர் பழுப்பாகிறது. கேட்டகால், ஹைட்ரோகுயினோன், பென்சோகுயினோன் எல்லாம் உருவாகும் கட்டம் அது. வளையம் இன்னும் உடையவில்லை. இங்கே நிறுத்தினால் பீனாலைவிடக் கொடிய நஞ்சைத்தான் நுண்ணுயிர்களுக்குக் கொடுப்போம். வளையம் உடைந்து மாலியிக், ஆக்சாலிக் போன்ற சிறு அமிலங்கள் வரும்போதுதான் பழுப்பு வெளிறும். அவை நுண்ணுயிர்களுக்கு ஏற்ற உணவு.

குயினோன் நிலையும் பகுதி ஆக்சிஜனேற்றம்தானே! அந்தச் சொல்லை வைத்தால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும். மீத்தேனிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் முறைக்கும் அதே சொல் வேண்டியிருக்கிறது. 'உடைப்பு' என்றால் வளையம் உடைந்தாக வேண்டும் என்ற நிபந்தனை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சாயக்கழிவுக்கும் இது பொருந்தும். சாய மூலக்கூறின் வளையங்களை இணைக்கும் அசோ பிணைப்பு (இரு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு) அறுந்தாலே நிறம் போய்விடும், வளையங்கள் அப்படியே இருக்கலாம். நிறம் போனதை மட்டும் பார்த்து முன்னுடைப்பு முடிந்தது என்று சொல்ல முடியாது.

அளவிட 'சிதைதிறன் விகிதம்' என்று வைக்கலாம். உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) வேதி ஆக்சிஜன் தேவையால் (வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன்) வகுத்தால் கிடைப்பது. பொதுவாக 0.4-க்கு மேல் இருந்தால் நீர் உயிரியல் தொட்டிக்குத் தயார் என்று கொள்வார்கள். லிட்டருக்கு 150, 1000 மில்லிகிராம் என்று இருந்தவை முன்னுடைப்புக்குப் பின் 300, 700 ஆனதாக வைத்துக்கொண்டால், விகிதம் 0.15-லிருந்து 0.43 ஆகிறது. ஒரு எச்சரிக்கை: எஞ்சிய பெராக்சைடை நீக்காமல் அளந்தால் வேதி ஆக்சிஜன் தேவை கூடுதலாகக் காட்டும். அந்தப் பெராக்சைடு தொட்டிக்குள் போனால் பாக்டீரியாவையும் கொல்லும்.

'குழாய் உடைப்பு' நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். 'முன்' சேர்ந்தபின் அந்தக் குழப்பம் இருக்காது என்று நினைக்கிறேன். முன்னுடைப்புத் தொட்டி, முன்னுடைப்பு நேரம் என்று ஆலையில் வாய்க்கு எளிதாகவும் வரும். இலங்கை நண்பர்கள் ஆக்சிஜனேற்றத்தை ஒட்சியேற்றம் என்று எழுதினாலும் இந்தச் சொல் மாற வேண்டியதில்லை.

அகராதிக்கு இந்த விளக்கத்தைத் தருகிறேன், திருத்துங்கள்:

முன்னுடைப்பு: உயிரியல் சுத்திகரிப்புக்கு முன், எளிதில் சிதையாத கரிம மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றத்தால் நுண்ணுயிர்கள் உண்ணத்தக்க, நஞ்சற்ற சிறு மூலக்கூறுகளாக உடைத்து, முழுக் கனிமமாகும் (கார்பன் டை ஆக்சைடு, நீர் போன்றவையாகும்) முன்பே நிறுத்துதல்.