ஆன்லைன் கோச்சை நம்பி வீட்டு நாயைப் பழக்கலாமா?

கூடத்துஜன்னல்:
எங்க நாய்க்கு ஒன்றரை வயசு. யார் வந்தாலும் மேலே தாவுது. தனியா விட்டுட்டுப் போனா கதவைப் பிராண்டி, குரைச்சு ஊரைக் கூட்டுது. ஒரு ட்ரெய்னர் வாரத்துக்கு ஒரு வீடியோ கால், நடுவுல நாங்க அனுப்புற வீடியோவைப் பார்த்துத் திருத்தம் சொல்றேங்கிறார். வேலைக்கு ஆகுமா, இல்ல நேர்லயே ஆளை வரச் சொல்லிடலாமா?

கறுப்புமூக்கு:
ஆகாது. கயிறு எப்போ தளரணும், நாயோட உடம்பு எப்போ விறைக்குதுன்னு பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் தெரியும். போன் கேமராவுல பாதி நேரம் வாலே தெரியாது. போதாததுக்கு நெட் இழுக்கும். "இப்போ கொடுங்க"ன்னு அவர் சொல்றது உங்க காதுல விழுறப்போ நாய் உட்கார்ந்து எழுந்திருச்சிருக்கும். எழுந்ததுக்குத்தான் பிஸ்கட் கொடுப்பீங்க.

பொறுமைசாலி:
அதனாலதான் விவரமான கோச் யாரும் லைவ்ல கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி சொல்லிக்கிட்டு இருக்க மாட்டாங்க. பதிவு பண்ணி அனுப்பச் சொல்லி, மெதுவா ஓட்டிப் பார்ப்பாங்க. எங்க அக்கா வீட்டுல நடந்ததைச் சொல்றேன். "படு"ன்னு வாய் திறக்கறதுக்கு முன்னாடியே அக்காவோட வலது கை தீனி இருக்கிற இடுப்புப் பைக்குள்ள போயிடும். நாய் பார்த்தது அந்தக் கையை. வார்த்தை அதுக்கு வெறும் சத்தம். கோச் வீடியோவை நிறுத்தி, தோள்பட்டை லேசா அசையுற இடத்தைக் காட்டினார். கை முதுகுக்குப் பின்னாடி. அப்புறம் வார்த்தை. படுத்த உடனே "சரி". அதுக்கப்புறம்தான் கை அசையணும். நேர்ல வர்ற ட்ரெய்னர் கயிறைத் தானே வாங்கிக்குவார், நாயும் அவர் பேச்சைக் கேட்கும். அவர் கிளம்பினதும் பழைய குருடி கதவைத் திறடி.

கறுப்புமூக்கு:
உங்க அக்கா வீட்டு நாய் படுக்கலேன்னா யாருக்கும் காயம் இல்ல. சாப்பாட்டுத் தட்டுகிட்ட போனா உறுமுற நாயா இருந்தா? "நீதான் தலைவன்னு காட்டு, அதட்டி அடக்கு"ன்னு வீடியோ போடுறவங்களும் கோச்னுதான் சொல்லிக்கிறாங்க. உறுமல் ஒரு எச்சரிக்கை. அதை அடக்கிட்டா அடுத்த தடவை சொல்லாமலே கடிக்கும். பெரும்பாலான நாடுகள்ல நாய் ட்ரெய்னர்னு போர்டு மாட்ட லைசென்ஸே தேவையில்ல.

மருந்துச்சீட்டு:
கால்நடை கிளினிக்கில் வேலை செய்கிறேன். அந்தத் 'தலைவன்' கதை நேரில் வருபவர்களிடமும் நிறைய இருக்கிறது, ஆன்லைனை மட்டும் திட்டாதீர்கள். 1947இல் ருடால்ஃப் ஷென்கெல் என்ற விலங்கு ஆய்வாளர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது அது. காட்டில் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் எழுதிவிட்டார். ஷாக் காலர், அதாவது மின் அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டை, மாட்டச் சொன்னால் அதோடு வீடியோ காலை கட் பண்ணுங்கள். வேல்ஸில் அதற்கு 2010 முதலே தடை. திடீரென்று உறுமத் தொடங்கிய நாய்க்கு முதலில் காது, பல், மூட்டு பார்க்க வேண்டும். வலியாக இருக்கலாம்.

இனி தனிமைப் பிரச்சினை. நேரில் ட்ரெய்னர் வந்து உட்கார்ந்தால் வீட்டில் ஆள் இருக்கிறதே, பிறகு எப்படி அது தனிமை? இதற்குக் கேமராதான் சரியான கருவி. கதவைத் திறந்து மூடுவது, வெளியே சில விநாடிகள், பிறகு கொஞ்சம் கூட்டுவது. நாய் குரைக்கும்வரை காத்திருக்கக் கூடாது. தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, கதவையே வெறிப்பது, இவை வந்தாலே நேரத்தைக் குறைக்க வேண்டும். பழக்கி முடிக்கும்வரை நிஜமாகவே தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். பதற்றம் அதிகம் என்றால் க்ளோமிப்ரமின் போன்ற மருந்துகள் உண்டு. அதை எழுத வேண்டியது டாக்டர், கோச் இல்லை.

கறுப்புமூக்கு:
தனிமைக்கு ஒத்துக்கிறேன். கடிக்கிற நாய்க்கு மாட்டேன்.

பொறுமைசாலி:
கடிக்கிற நாயைப் பத்தி இங்கே யாரும் கேட்கலையே சார். தாவுறதுக்கு வருவோம். தாவினா திரும்பி நில்லுங்க, நாலு காலும் தரையில இருந்தா தரையிலேயே தீனி போடுங்க. முதல்ல தாவல் இன்னும் கூடும். "இது சரிப்படாது"ன்னு எல்லாரும் விடுறது அப்போதான். வாராவாரம் ஒருத்தர் கேள்வி கேட்டா விட மாட்டீங்க.

கூடத்துஜன்னல்:
எங்க மாமனார் தாவினாத்தான் கொஞ்சுவார். அவரையும் வீடியோ காலுக்கு உட்கார வைக்கணும் போல.

கறுப்புமூக்கு:
உட்கார வைங்க. எப்பவாவது ஒரு தடவை கொஞ்சினாலும் தாவல் போகாது. அப்புறம், இதுக்கு ஒரு தடவையாவது ட்ரெய்னர் நேர்ல வரணும். தெரியாத விருந்தாளி யாராவது வாசல்ல வந்து நின்னாத்தானே பழக்க முடியும்?

பொறுமைசாலி:
பெல் அடிச்சுட்டு உள்ளே வர்றதுக்கு எதுக்கு ட்ரெய்னர் ஃபீஸ்? மாமனாரோட வாக்கிங் நண்பர்கள் போதும்.