கெவின் குடித்ததற்கு அம்மாவைக் கேள்வி கேட்கலாமா? ('திஸ் இஸ் அஸ்', சீசன் 2, எபிசோட் 11)

தென்னந்தோப்பு:
'திஸ் இஸ் அஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 2018 ஜனவரியில் வந்த 'தி ஃபிஃப்த் வீல்' எபிசோடைப் பற்றித்தான் இந்த இழை. பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். பியர்சன் வீட்டில் ஒரே நாளில் பிறந்த மூன்று பிள்ளைகள். கெவினும் கேட்டும் பெற்ற பிள்ளைகள், ராண்டல் தத்துப்பிள்ளை. பிள்ளைகளுக்கு 17 வயதாகும்போது அப்பா ஜாக் இறந்துவிட்டார். நடிகனாக இருக்கும் கெவின், முழங்கால் வலிக்கு எடுத்துக்கொண்ட மாத்திரையில் ஆரம்பித்து, மாத்திரையும் மதுவுமாக மூழ்கி, ஒரு ராத்திரி போதையில் கார் ஓட்டிப் போலீசில் மாட்டுகிறான். பின்சீட்டில் ராண்டலின் மகள் டெஸ். இந்த எபிசோடில் அவன் மறுவாழ்வு மையத்தில் இருக்கிறான். அம்மா ரெபேக்கா, கேட், ராண்டல் மூவரும் ஆலோசகர் பார்பராவின் அறையில் அவனோடு உட்காருகிறார்கள்.

பேச்சு எங்கே போகிறது பாருங்கள். தாத்தா குடித்தார், அப்பா குடித்தார், அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசவில்லை என்று ஆரம்பித்து, நீங்கள் ராண்டலைத்தான் எப்போதும் அதிகமாக நேசித்தீர்கள் என்று அம்மாவின் தலையில் இறக்குகிறான் கெவின். 37 வயது ஆண்பிள்ளை! அண்ணன் மகளோ தம்பி மகளோ, ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு போதையில் வண்டி ஓட்டியவன், அந்த அறையில் பேச வேண்டியது அதைப் பற்றி மட்டும்தான். கணவனை இழந்து மூன்று பேரையும் கரைசேர்த்த ஒரு தாயிடம் இப்போதுதான் கணக்குக் கேட்பதா? இணையத்தில் எல்லோரும் இந்தக் காட்சியைக் கொண்டாடுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

நிலாமுற்றம்:
டெஸ் வண்டியில் இருந்தது கெவினுக்கு முதலில் தெரியாது. அவள்தான் ஒளிந்துகொண்டு ஏறினாள். போதையில் ஓட்டியது குற்றம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டினான்" என்று எழுதினால் அவன் தெரிந்தே கூட்டிப்போன மாதிரி ஆகிவிடுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 'நம்பர் ஒன்' எபிசோடை மறந்துவிட்டீர்களா? 17 வயது கெவின் குடியிலிருந்து மீளப் போராடும் அப்பாவை நக்கலாகப் பேசுகிறான். அப்புறம் அதே அப்பா தனியாக மண்டியிட்டு மனஅமைதிக்கான பிரார்த்தனையைச் சொல்வதைப் பார்க்கிறான். கொஞ்ச நாளில் வீடு தீப்பிடிக்கிறது, பிள்ளைகளைக் காப்பாற்றிய ஜாக் இறந்துபோகிறார். அந்த நாளிலிருந்து அவர் அந்த வீட்டில் தெய்வம். தெய்வத்தைப் பற்றி யாராவது "அவர் குடிகாரர்" என்று பேசுவார்களா? எனவே கெவினுக்குத் தன் குடியைப் பற்றிச் சொல்லவும் அந்த வீட்டில் இடமில்லாமல் போனது. அவன் அந்த அறையில் செய்தது இருபது வருஷ மௌனத்தை உடைத்ததுதான். அம்மாவைத் தண்டிக்க அவன் வரவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். ராண்டலைப் பெற்ற அப்பா வில்லியம் ஒருகாலத்தில் போதைக்கு அடிமையாக இருந்தவர், பிறந்த குழந்தையைத் தீயணைப்பு நிலைய வாசலில் விட்டுவிட்டுப் போனவர். அவரைத் தேடிப் பிடித்து, வீட்டுக்குக் கூட்டிவந்து, சாகும்வரை பார்த்துக்கொண்டவன் ராண்டல். அவ்வளவு பெரிய மனசு, கூட வளர்ந்த கெவின் அந்த அறையில் அப்பா ஜாக்கின் குடியைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னதும் ஏன் சுருங்கிப்போகிறது?

தென்னந்தோப்பு:
வில்லியம் வீட்டுக்கு வந்தபோது போதையை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. அப்படியும் ராண்டலின் மனைவி பெத் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தாள், உடனே நம்பிவிடவில்லை. கெவின் மையத்துக்குள் போயே கொஞ்ச நாள்தான் ஆகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பிரார்த்தனை என்றதும் ஞாபகம் வருகிறது. அது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் சொல்லும் பிரார்த்தனை. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அந்த அமைப்பு 1935இல் அமெரிக்காவின் ஓஹியோ மாகாணத்து ஆக்ரனில் தொடங்கியது. அவர்களுடைய பன்னிரண்டு படிகளை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். நான்காவது படி, உன்னை நீயே பயமில்லாமல் ஆராய்ந்து கணக்கெடு என்கிறது. எட்டாவது படியில் நீ காயப்படுத்தியவர்களின் பட்டியலைப் போடவேண்டும். ஒன்பதாவதில் முடிந்த இடத்திலெல்லாம் அவர்களிடம் நேரே போய் ஈடுசெய்யவேண்டும். உன்னைக் காயப்படுத்தியவர்களின் பட்டியலைப் போடு என்று எந்தப் படியும் சொல்லவில்லை. ஜாக்கே அந்த வழியில்தான் போனார். தன் அப்பன் குடிகாரன், அடிப்பவன் என்பதற்காக ரெபேக்காவிடம் சலுகை கேட்கவில்லை.

கரிசல்காடு:
நான் கெவின் பக்கமும் இல்லை, ரெபேக்கா பக்கமும் இல்லை. என் அண்ணன் பல வருஷமாகக் குடிக்கிறவர். இரண்டு தடவை மையத்தில் சேர்த்தோம். அதனால் அந்த அறையில் எனக்கு நெருக்கமாகத் தெரிந்தவன் ராண்டல்தான்.

குடிக்கிற கூடப்பிறந்தவன் இருக்கிற வீட்டில் மற்ற பிள்ளை என்ன ஆகும் தெரியுமா? "நல்ல பிள்ளை" ஆகிவிடும். ஆகியே தீரவேண்டும். அம்மாவுக்கு இன்னொரு கவலை கொடுக்கக் கூடாது என்று மார்க் வாங்கும், வேலைக்குப் போகும், சத்தம் போடாது. அப்புறம் ஒருநாள் "உன்னைத்தான் அம்மாவுக்குப் பிடிக்கும்" என்று அண்ணனே சொல்வார். அதைக் கேட்கும்போது நெஞ்சு எரியும். அந்தச் செல்லம் சும்மா கிடைத்ததா? ராண்டல் பதற்ற நோயில் இரண்டு தடவை நொறுங்கிப்போனவன். நிலாமுற்றம் அக்கா அவன் மனசு சுருங்கியது என்று எழுதியிருக்கிறார். அப்பாவைப் பற்றிய அந்த ஒரு நினைவையாவது சேதமில்லாமல் வைத்துக்கொள்ள நினைத்தான் என்று எனக்குப் பட்டது.

அப்புறம், அந்த எபிசோடில் எனக்கு முக்கியமான காட்சி மதுக்கூடத்தில் நடப்பதுதான். உள்ளே ரத்த சொந்தங்கள் அழுதுகொண்டிருக்க, பெத், கேட்டைக் கட்டிக்கொள்ளப்போகும் டோபி, ரெபேக்காவின் இரண்டாவது கணவர் மிகெல் மூவரும் வெளியே உட்கார்ந்து பேசுகிறார்கள். பெத் தன் கோபத்தை மறைக்கவே இல்லை. அவள் பெற்ற குழந்தை அந்தக் காரில் இருந்தது. என் வீட்டில் என் கணவரும் இப்படித்தான். அண்ணன் வருகிறார் என்றால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அதைத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை.

நிலாமுற்றம்:
கரிசல்காடு, நீங்கள் எழுதியது மனசைப் பிசைகிறது. ஆனால் உங்கள் அண்ணனிடம் யாராவது உட்கார்ந்து "எப்போதிலிருந்து, எதனால்" என்று கேட்டிருக்கிறார்களா?

கரிசல்காடு:
கேட்காத நாள் உண்டா அக்கா? ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வரும். அப்பா திட்டினார், கல்யாணம் சரியாக அமையவில்லை, முதலாளி ஏமாற்றினான். எல்லாமே உண்மைதான், ஒன்றுகூடப் பொய்யில்லை. எல்லாக் காரணத்தையும் கேட்டு முடித்த அன்றைக்கும் சாயங்காலம் குடித்தார்.

மருந்துச்சீட்டு:
குடிநோய் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதால் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

குடும்பத்தைக் கூட்டி உட்காரவைப்பது சிகிச்சையின் பகுதிதான். நோயாளி வீட்டுக்குத் திரும்பினால் அதே ஆட்களோடுதான் வாழப்போகிறார். யார் மறைத்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், யார் அலுவலகத்துக்குப் பொய்க்காரணம் சொன்னார்கள் என்பதெல்லாம் தெரியவேண்டும். கெவின் தாத்தாவின் குடியிலிருந்து ஆரம்பித்ததும் தற்செயல் இல்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், குடிநோய்க்கான சாய்வில் ஏறத்தாழ பாதி பரம்பரையாக வருவது என்று காட்டுகின்றன. தாத்தா ஸ்டான்லி, ஜாக், கெவின் என்று மூன்று தலைமுறை. மூன்றாம் சீசனில் வரும் சித்தப்பா நிக்கியும் குடியில்தான் கிடக்கிறார். இதைக் குடும்பம் வாய்விட்டுப் பேசியிருந்தால், முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் கெவினுக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கும்போதே எல்லோரும் உஷாராக இருந்திருக்கலாம். இந்த அளவில் நிலாமுற்றம் சொல்வது சரி.

ஆனால் பார்பரா நடத்திய விதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. குடும்பத்தில் குடி இருந்ததா என்பது ஒரு பேச்சு. அம்மா யாரை அதிகம் நேசித்தார் என்பது முற்றிலும் வேறு பேச்சு. இரண்டாவது தொடங்கியதும் நிறுத்தி, ரெபேக்காவைத் தனியாகத் தயார்படுத்தி, வேறொரு நாளுக்கு வைத்திருக்கவேண்டும். அப்படிச் செய்யாததால் என்ன நடந்தது? நெருக்கிப் பிடித்ததில், ராண்டல் சுலபமான பிள்ளை, தொட்டால் விலகிப்போகாதவன் என்று ரெபேக்கா கத்திவிடுகிறார். மையத்தில் புதிதாக இருக்கும் ஒருவனுக்கு அதைக் கேட்பது ஆபத்து. நாடகத்துக்கு அது உச்சக்காட்சி, சிகிச்சைக்கு அது தோல்வி.

தென்னந்தோப்பு:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன்!

நிலாமுற்றம்:
இல்லை, நீங்கள் சொன்னது வேறு. கெவினுக்குக் கேட்க உரிமையே இல்லை என்றீர்கள். மருந்துச்சீட்டு சொல்வது நேரமும் முறையும் தவறு என்று.

ரெபேக்கா அப்படிக் கத்தியது தோல்வி என்றும் நான் நினைக்கவில்லை. கெவின் சின்ன வயதிலிருந்து சந்தேகப்பட்ட ஒன்று, தான் கற்பனை செய்துகொண்டதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிகிறது. அப்புறம் அம்மாவும் மகனும் தனியாகப் பேசுகிறார்கள். மையத்தைவிட்டு வந்ததும் அவன் போய்த் தங்குவது அதே அம்மா வீட்டில்தான். அந்தச் சண்டை நடக்காமல் இருந்திருந்தால் போயிருப்பானா?

தென்னந்தோப்பு:
அதே எபிசோடில் பிள்ளைகள் சின்ன வயதில் விடுமுறைக்குப் போன மலைக்குடில் காட்சிகள் வருகிறதே, அதையும் சேர்த்துப் பாருங்கள். சின்னப் பையன் கெவின் ராத்திரி அப்பா அம்மா அறைக்கு வருகிறான். கேட்டும் ராண்டலும் ஏற்கெனவே கட்டிலில் இருக்கிறார்கள், இவன் தரையில் படுக்கிறான். அவன் மனசில் தங்கியது இவ்வளவுதான். ஆனால் பெற்றோர் கீழே இறங்கி அவன் பக்கத்தில் படுத்ததையும் நமக்குக் காட்டுகிறார்கள். எழுதியவர்களே சொல்கிறார்கள், அவன் நினைவு முழு உண்மை இல்லை என்று. பாதி நினைவை வைத்துக்கொண்டு ஒரு தாயைக் கூண்டில் ஏற்றுவது நியாயமா?

நிலாமுற்றம்:
அந்த விடுமுறையில் ஜாக்குக்கு ஏன் அவ்வளவு தலைவலி, ஏன் பையன் மேல் எரிந்து விழுகிறார் என்பதையும் காட்டுகிறார்கள். அது முந்தின நாள் குடியின் மிச்சம். பையனுக்கு அது தெரியாது, தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வான். அவன் நினைவு பாதிதான், ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியை மறைத்து வைத்தது பெரியவர்கள்.

மருந்துச்சீட்டு:
இரண்டு பேரும் ஒரு காட்சியிலேயே நிற்கிறீர்கள். மூன்றாம் சீசனில் கெவின் மறுபடி குடிக்கிறான். தண்ணீர் பாட்டிலில் வோட்காவை ஊற்றி மறைக்கிறான். கேட் 28 வார கர்ப்பத்தில் இருக்கும்போது பனிக்குடம் உடைகிறது, பக்கத்தில் இருந்த கெவினால் வண்டி ஓட்ட முடியவில்லை. இந்தத் தடவை அப்பா, அம்மா எதையும் காரணம் சொல்ல முடியாது, எல்லாம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. மனம்விட்டுப் பேசினால் குடி தானாகப் போய்விடும் என்று நம்பி வரும் குடும்பங்களை வாரம்தோறும் பார்க்கிறேன். திரும்ப விழுவது இந்த நோயின் சுபாவம், அதற்கு நீண்டகால சிகிச்சை வேண்டும்.

கரிசல்காடு, உங்களுக்கு ஒன்று. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக அல்-அனான் என்ற அமைப்பு 1951இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸை நிறுவியவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். இந்த நோயை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே சொல்லித்தருவார்கள். நம் ஊர்களிலும் கூட்டங்கள் நடக்கின்றன. அண்ணன் குடியை நிறுத்தியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை, அவர் வரவும் வேண்டாம். தங்கை மட்டும் போகலாம்.

கரிசல்காடு:
முதலாவதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், நம்ப மாட்டேன் என்கிறார். தான் வளர்த்ததில்தான் ஏதோ தப்பு என்பார். அதனால்தான் ரெபேக்காவிடம் கெவின் பேசிய பேச்சை நிலாமுற்றம் அக்கா மாதிரி என்னால் பார்க்க முடியவில்லை. என் அம்மாவும் சேர்ந்து வரலாமா அந்தக் கூட்டத்துக்கு? வயது 71, பஸ்ஸில் கூட்டிப்போகவேண்டும்.

மருந்துச்சீட்டு:
தாராளமாக. பெயர்கூட முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம்.