பிளிமத் குடியேறிகளைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர யோசனை வேண்டும்

வணக்கம். எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு, 1620-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் கரையில், பிளிமத் என்ற இடத்தில் குடியேறிய ஆங்கிலேயர்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்கப் போகிறேன். குடியேறிகள் வந்த மேஃப்ளவர் கப்பலும் நன்றி நாள் (Thanksgiving) வான்கோழி விருந்தும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். எனக்கு வேண்டியது வீட்டுக்குள் நடந்தது. முள்கரண்டி கிடையாது, கரண்டி, கத்தி, கை, மடியில் பெரிய துணி, அவ்வளவுதான். ஆறேழு வயது வரை பையன்களும் கவுன்தான் போட்டார்கள். தண்ணீர் சுமப்பது, மக்காச்சோளக் கொல்லையில் பறவை விரட்டுவது எல்லாம் பிள்ளைகள் வேலை. இதையெல்லாம் கையால் செய்து பார்க்க வைக்க என்ன செய்யலாம்? உரலில் மக்காச்சோளம் இடிக்க வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

அப்புறம் பெரிய கேள்வி. வந்த 102 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள். அவர்கள் குடியேறிய இடம், சில வருடங்களுக்கு முன் நோயால் அழிந்துபோன வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்களின் பட்டுக்ஸெட் கிராமம். குடியேறிகளுக்கு மீனை உரமாகப் புதைத்து மக்காச்சோளம் நடக் கற்றுக்கொடுத்த டிஸ்குவாண்டம் அந்த ஊர்க்காரர். 1614-இல் ஆங்கிலேயர்கள் அவரைக் கடத்திப்போய் ஸ்பெயினில் விற்கப் பார்த்தார்கள். ஊர் திரும்பியபோது அவருடைய சனம் யாரும் இல்லை. இதை விட்டுவிட்டு விருந்தை மட்டும் சொல்ல எனக்கு மனசில்லை. அதே சமயம் பிள்ளைகள் பயந்துவிடவும் கூடாது. இந்த வயதுக்கு இதைச் சொல்லிப் பழகியவர்கள், எந்த வார்த்தைகளில் சொன்னீர்கள், பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று கொஞ்சம் விவரமாக எழுத முடியுமா?