புதுப்பிப்பு: 16 கேமராவும் ஒரே திரையில், திணறல் போயிடுச்சு

கடையின் 16 கண்காணிப்பு கேமராவையும் கணினியில் ஒன்றாகத் திறந்தால் சிபியு (கணினியின் செயலி) 100 சதவீதத்தில் நிற்கிறது, படம் உறைகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது, புது மெஷின் வாங்காமலே.

சப் ஸ்ட்ரீம் (முழுத் தரப் படத்தோடு கேமரா தனியாகத் தரும் சிறிய அளவுப் படம்) போடச் சொன்ன நண்பருக்குத்தான் முதல் நன்றி. 1920×1080 திரையை 4×4 ஆகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்குக் கிடைப்பதே 480×270 பிக்சல். அதற்குப் போய் ஒவ்வொரு கேமராவிலிருந்தும் 2560×1440 படத்தை இழுத்து, டீகோட் செய்து (அடக்கி அனுப்பிய வீடியோவை விரித்து), பிறகு சுருக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது கட்டங்களில் 640×360 ஓடுகிறது. டபுள் கிளிக் செய்யும் கேமராவுக்கு மட்டும் மெயின் ஸ்ட்ரீம், அதாவது முழுத் தரப் படம். என்விஆரில் (கேமரா படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) ரெக்கார்டிங் பழையபடி முழுத் தரத்தில்தான்.

அடுத்து, என் கணினியில் இருப்பது இன்டெல் 4ஆம் தலைமுறை செயலி. எச்.265-ஐ (வீடியோவை அடக்கி அனுப்பும் ஒரு முறை) முழுக்க ஹார்ட்வேரிலேயே (சிப்பில் இதற்கென உள்ள பகுதியில்) டீகோட் செய்யும் வசதி 6ஆம் தலைமுறையில்தான் வந்தது. ஆகவே சப் ஸ்ட்ரீமை அதற்கு முந்தைய முறையான எச்.264-க்கு மாற்றி, கேமரா பார்க்கும் மென்பொருளில் ஹார்ட்வேர் டீகோடிங்கை ஆன் செய்தேன். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் பகுதி) பக்கத்தில் வீடியோ டீகோட் கோடு ஏறினால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கல்லாப் பக்கம் கை நீட்டுவதுகூட இப்போது விட்டுவிட்டு வராமல் தெளிவாகத் தெரிகிறது. இதே தொல்லை இருப்பவர்கள் ராம் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.