சப்போரோவில் ஒரே ஒரு பனிக்காலப் பகல்: தரைக்கு மேலேயா, கீழேயா?

யோகோஹாமாவாசி
பிப்ரவரி நடுவில் வேலையாக ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் இருக்கும் சப்போரோ போனேன். கையில் ஒரு முழு நாள் மிஞ்சியது. சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: பனிக்காலத்தில் அந்த ஊரில் சாப்பிடவும் கடை சுற்றவும் தரைக்கு மேலே தலை காட்டத் தேவையே இல்லை. ரயில் நிலையத்திலிருந்து நகர நடுவிலுள்ள ஓடோரி வரை சிகாஹோ என்கிற நிலத்தடி நடைபாதை. அங்கிருந்து போல் டவுன் என்கிற நிலத்தடிக் கடைத்தெரு வழியாக சுசுகினோ என்கிற கேளிக்கைப் பகுதி வரை கீழேயே போய்விடலாம். கோட்டுக்குப் பொத்தான் கூடப் போடாமல் நடந்தேன்.

காலையில் மட்டும் ஆசைப்பட்டு மேலே ஏறி நிஜோ சந்தைப் பக்கம் போனேன். அங்கே ஒரு கடையில் மீனும் நண்டும் அடுக்கிய சோற்றுக் கிண்ணம் 3,800 யென். நண்டுக் காலைக் கடித்தால் உள்ளே ஐஸ். வெளியே வந்து சிக்னலில் வழுக்கி, ஊர் பார்க்க விழுந்தேன். மிச்ச நாள் முழுக்கக் கீழேதான். ராத்திரி ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் அடித்தள உணவுக்கூடத்தில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டிய சுஷிப் பெட்டி. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10 சதவீதம், எடுத்துப்போனால் 8. அறைக்குக் கொண்டுபோய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கடலோரக்காரி
ஒரு கடையில் ஏமாந்துவிட்டு ஊரையே கீழே இறக்குகிறீர்களே தம்பி! நிஜோ நகர நடுவில் இருக்கிறது, சுற்றுலாக்காரர் கூட்டம் அதிகம், விலையும் அப்படித்தான். டோசாய் என்கிற சுரங்க ரயில் பாதையில் ஓடோரியிலிருந்து ஐந்தாவது நிறுத்தம் நிஜூயோன்கென். அங்கே மொத்த விற்பனைச் சந்தையை ஒட்டி ஒரு வெளிச்சந்தை உண்டு. காலை ஏழு மணிக்கெல்லாம் போய் நில்லுங்கள்.

நான் தூத்துக்குடிக்காரி, நண்டு விஷயத்தில் என்னை நம்பலாம். எல்லோரும் பெரிதாக இருக்கிறதே என்று தராபா நண்டைக் காட்டுவார்கள். கால்களை எண்ணிப் பாருங்கள்: கொடுக்கையும் சேர்த்து எட்டுதான் கண்ணில் படும், பத்து இல்லை. அது அசல் நண்டே இல்லை, சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டின் உறவு. ஜப்பானில் விற்கிற தராபாவில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்து வருவது வேறு. ஹொக்கைடோவில் கேட்டு வாங்க வேண்டியது கெகானி என்கிற நண்டு. உடம்பெல்லாம் முள் மாதிரி முடி, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒரே அளவில் இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்து கனமானதை எடுக்க வேண்டும். வெறும் உப்புத் தண்ணீரில் அவித்துத் தருவார்கள். ஓட்டை மல்லாத்தித் திறந்தால் உள்ளே பச்சையும் சாம்பலுமாக ஒரு மசியல் இருக்கும். கடைக்காரர் கால் சதையை அதில் தோய்த்து நீட்டினார். மிளகும் இல்லை, புளியும் இல்லை. நம்ம ஊர் நண்டுக் குழம்பை ஒரு நிமிடம் மறந்துபோனேன், அம்மா மன்னிக்கட்டும். இதையெல்லாம் சுரங்கப் பாதையில் யார் தருவார்?

யோகோஹாமாவாசி
அக்கா, நண்டுக்கு நீங்கள் சொன்னது சரி. ஆனால் காலை ஏழு மணிக்கு, பூஜ்ஜியத்துக்குக் கீழே ஆறு டிகிரியில், நண்டுக்காக நிற்பது விடுமுறையா தண்டனையா? இன்னொன்று, அங்கேயும் யூனி, அதாவது கடல் முள்ளெலி, அடுக்கிய சோற்றுக் கிண்ணம் என்று பெரிய படம் போட்டு விற்கிறார்கள். ஷகோதான் கடற்கரை யூனியின் பருவம் கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பனிக்காலத்தில் வருகிறவனுக்கு அந்தப் படம் எதற்கு?

கடலோரக்காரி
படத்தைப் பார்த்து ஏன் வாங்குகிறீர்கள்? பனிக்காலத்துக்கு என்று தனியாகத் தாச்சி இருக்கிறதே. வெள்ளைப் பஞ்சு மாதிரி, சூப்பில் மிதக்கும். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அது காட் மீனின் விந்துப் பை என்று சொன்னார்கள். நல்ல வேளை, முதலில் சொல்லவில்லை.

மோர்க்குழம்பு
காலங்கார்த்தாலே இதைப் படிக்க வைத்துவிட்டீர்களே! அடுத்த பனிக்காலத்தில் கோவையிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் வருகிறோம். இருவரும் சைவம். மேலேயோ கீழேயோ, எங்களுக்குச் சோறு எங்கே?

நடைராசா
மூன்று பனிக்காலம் சப்போரோவில் குடியிருந்தவன், அதனால் வருகிறேன்.

முதலில் மோர்க்குழம்பு: சூப் கறி என்று கேட்டால் காய்கறி மட்டும் போட்டது எல்லாக் கடையிலும் இருக்கும். பொரித்த கேரட், பாதி உருளைக்கிழங்கு, தாமரைத் தண்டு, குடைமிளகாய் எல்லாம் முழுசு முழுசாகக் கிடக்கும். ஆனால் சூப்பே பெரும்பாலும் கோழி எலும்பில் கொதித்தது. காயைப் பார்த்து ஏமாறாதீர்கள், சூப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

நம்ம நாக்குக்கு அந்த ஊரில் இதுதான் நெருக்கம். ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் நிற்கும் ஒரு பண்டம். காரத்துக்கு எண் சொல்லி வாங்கலாம். 1971-இல் அஜந்தா என்ற சிறு கடையில் ஆரம்பித்தது என்பார்கள், பெயரைப் பாருங்கள்! சூப் கறி என்று பெயர் வைத்துப் பரப்பியது 1993-இல் வந்த மேஜிக் ஸ்பைஸ் என்ற கடை.

இப்போது யோகோஹாமாவாசிக்கு. சிகாஹோ 2011 மார்ச் 12 அன்றுதான் திறந்தது, தோஹோகு நிலநடுக்கத்துக்கு மறுநாள். அதற்கு முன் நிலையத்திலிருந்து ஓடோரிக்கு நாங்கள் எல்லோரும் பனியில்தான் நடந்தோம். வருடத்துக்கு சுமார் 5 மீட்டர் பனி கொட்டும் ஊரில் இருபது லட்சத்தை ஒட்டிய மக்கள் வாழ்கிறார்கள். விழுந்தது உங்கள் செருப்பால். சாரி, ஷூவால். சிக்னல் ஓரத்தில் ஒரு பெட்டி இருந்திருக்குமே, பார்த்தீர்களா? அதற்குள் சிறு பைகளில் பொடிக்கல். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பனிக்கட்டியின்மேல் தூவிவிட்டு நடக்கலாம். அப்புறம் பென்குயின் மாதிரி சின்னச் சின்ன அடி. குளிர்தான் பயம் என்றால் தனுகிகோஜி என்கிற கடைத்தெரு இருக்கிறது: மேலே கூரை, சுமார் 900 மீட்டர், இருநூறு கடை. 1873 வாக்கில் தொடங்கிய தெரு. தரைக்கு மேலேதான் இருக்கிறது, பனியும் விழாது.

யோகோஹாமாவாசி
அந்தப் பெட்டியைக் குப்பைத் தொட்டி என்று நினைத்தேன்.

ஆனாலும் விடமாட்டேன். போல் டவுனும் அதேபோல் நிலத்தடியில் இருக்கும் அரோரா டவுனும் 1971-இல், அடுத்த வருடம் அங்கே நடந்த குளிர்கால ஒலிம்பிக்கை முன்னிட்டுத் திறந்தவை. அந்த ஊர்க்காரர்களே குளிர் தாங்காமல்தானே ஐம்பது வருடமாகத் தரைக்குக் கீழே கடை வைத்திருக்கிறார்கள்? நான் அவர்கள் வழியில் போனேன், அவ்வளவுதான்.

நடைராசா
கீழே போவது மேலே ஏறி வருவதற்காக. உறைந்த மூக்கோடு ஒரு கடைக்குள் நுழைந்து மிசோ ராமன், அதாவது சோயா விழுது கலந்த நூடுல்ஸ் சூப், குடித்துப் பாருங்கள். மேலே கொழுப்பு ஒரு படலமாக மூடியிருக்கும், ஆவியே வராது. ஆறிவிட்டது என்று நினைத்து நாக்கைச் சுட்டுக்கொள்வீர்கள். சுரங்கத்தில் வியர்த்துக்கொண்டே வந்தவனுக்கு அது வெறும் சூடான நூடுல்ஸ்.

மோர்க்குழம்பு
என் கேள்விக்குப் பாதி பதில்தான் கிடைத்தது. ஊருக்கு என்ன வாங்கிப் போவது?

கடலோரக்காரி
ஷிரோய் கொய்பிதோ பிஸ்கட் நன்றாக இருக்கும், 1976-இலிருந்து விற்கிறார்கள். ஆனால் முட்டை உண்டு. ராய்ஸ் நாமா சாக்லேட் 10 டிகிரிக்கு மேல் தாங்காது. பெரும்பாலானதில் மதுவும் கலந்திருக்கும், அட்டையைப் பாருங்கள். அங்கே ஜன்னலோரம் வைத்தாலே போதும், கோவை போய்ச் சேருவதற்குள் கூழாகிவிடும். கொம்பு என்கிற கடற்பாசி வாங்குங்கள். உலர்ந்தது, எடையும் இல்லை. உங்கள் மோர்க்குழம்பில் ஒரு துண்டு போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

மோர்க்குழம்பு
மோர்க்குழம்பில் கடற்பாசியா! மாமியாரிடம் நீங்களே பேசுங்கள் அக்கா. அது இருக்கட்டும், அந்த சூப் கறியை எப்படிச் சாப்பிடுவது? சோற்றில் ஊற்றிப் பிசையலாமா?

நடைராசா
கூடாது. சோற்றை ஸ்பூனில் எடுத்து சூப்பில் முக்கி எடுக்க வேண்டும். ஊற்றினால் கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், பக்கத்து மேஜை பார்க்கும்.

யோகோஹாமாவாசி
நான் ஊற்றித்தான் சாப்பிட்டேன். பக்கத்து மேஜைப் பாட்டி பார்த்தார், தன் தட்டிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.