புற்றுநோய்க்கென்று தனிப் பாலிசி: செலவுக்குத் தகுமா?

வணக்கம். வீட்டில் மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் புற்றுநோய்க்கென்று தனிப் பாலிசி எடுக்கலாமா என்று முடிவெடுக்க உதவுங்கள்.

மருத்துவமனைச் செலவைப் பழைய பாலிசி பார்த்துக்கொள்ளும். நின்றுபோகும் சம்பளம், போக்குவரத்து, வீட்டிலேயே சாப்பிடும் கீமோ மாத்திரை இவைதான் இடைவெளி. அதனால், நோய் உறுதியானதும் மொத்தத் தொகை தரும் வகையே பயன்படும் என்பது என் கணிப்பு. பில்லுக்கு ஈடு தரும் வகை என்றால், ஒரே செலவுக்கு இரண்டு முறை பணம் வராது.

தயக்கம் நிபந்தனைகளில்தான். பரவாத ஆரம்ப நிலைக்குப் பல பாலிசிகளில் ஒரு பகுதித் தொகைதான். மெலனோமா (நிறமிச் செல்களில் தோன்றும் தோல் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோயைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. காத்திருப்புக் காலத்துக்குள் (பாலிசி எடுத்ததும் க்ளெய்ம் செய்ய முடியாத தொடக்கக் காலம்) அறிகுறி தெரிந்தாலே க்ளெய்மை மறுக்கலாம். வயது கூடக் கூட பிரீமியம் ஏறுமா என்பதும் முக்கியம்.

க்ளெய்ம் வாங்கியவர்கள் சொல்லுங்கள்: நோய் உறுதியான தேதியாக எதை எடுத்தார்கள், பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) செய்த நாளா, அறிக்கை வந்த நாளா? ஆரம்ப நிலைக்குப் பணம் வாங்கியபின் பாலிசி தொடர்ந்ததா? மாரடைப்பு, பக்கவாதமும் சேர்ந்த தீவிர நோய்ப் பாலிசியே மேல் என்று நினைப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.